இரு தேன்சிட்டுகளும் ஒரு நகரமும்: திருவிதாங்கூர்ப் பறவையியல் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹம்மிங் பறவையைத் தமிழில் குறிக்க வேண்டிய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் பலர் ‘தேன்சிட்டு’ என்ற சொல்லையே எடுத்தாண்டு வருகின்றனர். ‘ரீங்காரச்சிட்டு’, ‘ஓசனிச்சிட்டு’ என்னும் ஆக்கங்கள் பின்னர் வந்தபோதிலும் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை. விலங்கியல் மாணவர் ஒருவர் திருவனந்தபுரத்தின் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்திப் பூவை நாடிவரும் சிறு பறவையைக் கண்டு ஹம்மிங் பறவை என்று குறிப்பெழுதிவிடுவதும் இச்சொல் மயக்கத்தின் விளைவே. உண்மையில் ஆசியா முழுவதிலும் இன்று ஓர் ஓசனிச்சிட்டு இனமும் இயற்கையாக வாழவில்லை. ஏறத்தாழ 360 இனங்கள் கொண்ட அக்குடும்பம் முழுவதும் அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்முனை வரையுள்ள நிலப்பரப்புக்கே உரியது.

ஓசனிச்சிட்டுகளின் நெருங்கிய உறவினர் உழவாரக் குருவிகள். தேன்சிட்டுகளோ காக்கை, மைனா, சிட்டுக்குருவி ஆகியவை அடங்கும் பெரும் வரிசையைச் சேர்ந்தவை. இரு குலங்களும் பூந்தேனை உண்ணும் வாழ்வைத் தனித்தனியே மேற்கொண்டமையால் நீண்ட அலகும், உருவச் சிறுமையும், ஒளிபட்டு மின்னும் இறகும் இரண்டிலும் தோன்றின. படிமலர்ச்சியியல் இதனைக் குவிப் பரிணாமம் என்று வழங்குகிறது. ஓசனிச்சிட்டு சிறகுகளை எட்டு வடிவில் சுழற்றி நெடுநேரம் அந்தரத்தில் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டு அவ்வாறு சில நொடிகளே நிற்கவல்லது. பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்தே தேன் உண்ணும். ஜெர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைபடிவங்களை 2004ஆம் ஆண்டில் கெரால்ட் மாயர் விவரித்தபோது, பழைய உலகிலும் ஒரு காலத்தில் ஓசனிச்சிட்டுகள் இருந்தன என்பது தெரியவந்தது. அவை இங்கு மறைந்துபோயின. இன்று நம் நிலத்தில் பூக்களிடையே அந்த வாழ்வை நடத்துபவை தேன்சிட்டுகளே.

ஆகவே வெப்பமண்டலத்தின் இரு ஓசனிச்சிட்டு இனங்களை ஒப்பிடும் ஆய்வுக்கு நிகரான ஒன்றைத் திருவனந்தபுரத்தில் தேடினால், ஊதாப்பிட்டத் தேன்சிட்டையும் செம்முதுகுத் தேன்சிட்டையும் ஒப்பிடுவதே பொருந்தும். இவ்விரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உருவில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆனால் ஒன்று தீபகற்ப இந்தியாவெங்கும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படுவது. மற்றொன்று உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதனை ஒட்டிய நிலத்தையும் தவிர வேறெங்கும் வாழாதது. இவ்வேறுபாடு எவ்வாறு அறியப்பட்டது, யாரால், எங்கிருந்து என்பதே இங்குக் கருதப்படும் வரலாறு.

முதலில் இரு பறவைகளின் தோற்றம். இரண்டுமே பத்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட நீளமுடையவை. செம்முதுகு இனம் இன்னும் சிறியது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு உச்சந்தலை பச்சையாக மின்னும், தொண்டையும் பிட்டமும் ஊதா, முதுகு கருஞ்சிவப்பு, மார்பின் குறுக்கே கருஞ்சிவப்பில் ஒரு மெல்லிய பட்டை, வயிறு மஞ்சள். செம்முதுகு இனத்தின் ஆணுக்கும் ஏறக்குறைய இதே நிறங்களே அமைந்துள்ளன. எனினும் முதுகின் சிவப்பு மிக அழுத்தமானது; மார்புப் பட்டை அகலமானது. பெண் பறவைகளைப் பிரித்தறிவது கடினம். இரண்டும் மங்கிய பழுப்பும் மஞ்சளும் கலந்தவை. ஊதாப்பிட்ட இனத்துப் பெண்ணின் தொண்டை வெண்சாம்பல் நிறமுடையது. செம்முதுகு இனத்துப் பெண்ணின் பிட்டத்தில் மங்கிய சிவப்பு தெரியும். நிழல் அடர்ந்த தோட்டத்தில் இவ்வடையாளங்கள் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இன்னொரு வேறுபாடு காலத்தைச் சார்ந்தது. செம்முதுகு இனத்தின் ஆண், இனப்பெருக்கக் காலம் கழிந்தபின் தலையின் மின்னும் நிறத்தை இழந்து, அங்குப் பெண்ணைப் போன்ற மங்கிய நிறத்தை ஏற்கும். முதுகின் சிவப்பு மட்டும் எஞ்சும். ஊதாப்பிட்ட இனத்தின் ஆணோ ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் இருக்கும். ஓர் இனத்துக்கு ஒரு நிறம் என்று கொண்டு பாடம் செய்த தோல்களை மட்டும் வைத்து வகைப்படுத்திய காலத்தில் இது ஒரு பொறியாக அமையக்கூடியது. தோலுடன் கட்டப்பட்ட சீட்டில் பிடித்த நாளும் இடமும் எழுதப்படாவிடில் அத்தோல் அரைச் சான்றாகவே நிற்கும்.

இவ்விரு பறவைகளும் அறிவியல் பெயர் பெற்றது திருவிதாங்கூரிலிருந்து அன்று. 1766ஆம் ஆண்டில் லின்னேயஸ் தம் ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கு ‘செர்தியா ஜெய்லோனிகா’ என்று பெயரிட்டார். ‘செர்தியா’ என்பது ஐரோப்பாவில் மரப்பட்டையில் ஊர்ந்து பூச்சி தேடும் ஒரு பறவையின் பேரினம். வளைந்த மெல்லிய அலகு ஒன்றே அவ்வாறு சேர்ப்பதற்குக் காரணமாயிற்று. ‘ஜெய்லோனிகா’ என்பதன் பொருள் இலங்கைக்குரியது என்பதாகும். இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனின் பெயரைத் தாங்கிய லோட்டன் தேன்சிட்டும் அதே பதிப்பில்தான் இடம்பெற்றது. லின்னேயஸ் இலங்கையை ஒருபோதும் கண்டவர் அல்லர். கடல்வழி வணிகம் எத்துறைமுகத்தின் வழியே பொருளைக் கொணர்ந்ததோ, அத்துறைமுகத்தின் நாடே பறவையின் தாயகமாகப் பெயரில் பதிந்துவிட்டது.

செம்முதுகு இனம் பெயர் பெறுவதற்கு மேலும் அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின. பம்பாய்ப் படையின் அதிகாரியும் அம்மாகாண அரசின் புள்ளிவிவரப் பணியை ஏற்றிருந்தவருமான வில்லியம் ஹென்றி சைக்ஸ், தக்காணத்தில் தாம் கண்ட பறவைகளின் பட்டியலை 1832இல் இலண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் அச்சிட்டார். அதில் இப்பறவை ‘சின்னிரிஸ் மினிமா’ என்னும் பெயரைப் பெற்றது. ‘மினிமா’ என்றால் மிகச் சிறியது. பிற்காலத்தில் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர் சைக்ஸ். பயிர், வரி, மக்கள்தொகை ஆகியவற்றைக் கணக்கெடுத்த அதே ஆட்சிக் கண்ணே பறவைகளையும் எண்ணி வரிசைப்படுத்தியது என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

அதன்பின் இரு பறவைகளும் பேரினப் பெயர்களை மாற்றி மாற்றி அணிந்தன. சாலிம் அலியும் தில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கையேட்டில் அவை ‘நெக்டாரினியா’ என்னும் பெரும் பேரினத்துள் அடக்கப்பட்டன. இன்று மீண்டும் ‘லெப்டோகோமா’ என்ற பெயருக்குத் திரும்பியுள்ளன. இம்மாற்றங்கள் எவையும் பறவைகளை மாற்றவில்லை. ஒற்றுமை என்று எதனைக் கருதுவது என்ற அளவுகோலே மாறியது. ஆயினும் ‘இலங்கைக்குரியது’, ‘மிகச் சிறியது’ என்னும் இரு அடைமொழிகள் அப்படியே நிலைத்தன. ஒன்று இடத்தைச் சொல்லி ஏறக்குறைய தவறாக வழிகாட்டுகிறது. மற்றொன்று உருவத்தைச் சொல்லி இடத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை. இப்பறவை மேற்கு மலைத்தொடருக்கே உரியது என்ற முதன்மையான செய்தி அதன் பெயரில் எங்கும் இல்லை.

அச்செய்தி தெளிவு பெறுவதற்கு இரு இனங்களும் அருகருகே வாழும் நிலத்தில் நெடுங்காலப் பதிவு தேவைப்பட்டது. கடற்கரையிலிருந்து மலைமுகடு வரை குறுகிய தொலைவுக்குள் நிலம் ஏறும் திருவிதாங்கூர் அதற்கு வாய்ப்பான களம். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் நடத்திய ‘ஸ்ட்ரே பெதர்ஸ்’ இதழில் 1876ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் முதற்பட்டியல் வெளிவந்தது. ஆயினும் ஹியூமின் மாபெருந் தொகுப்பு, 60,000க்கும் மேற்பட்ட தோல்களுடன், 1885இல் இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. இந்தியப் பறவைகளை ஒப்பிட விரும்புபவர் கப்பலேற வேண்டிய நிலை அவ்வாறு உருவாயிற்று.

இதற்கு மாறான ஒரு முயற்சி திருவனந்தபுரத்தில் நடந்தது. 1857இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகத்துக்கு, இராபர்ட் சிஸம் வடிவமைத்த கட்டடம் 1880இல் நிறைவுற்றது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியரின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஹரோல்ட் பெர்குசன், திருவிதாங்கூர் வனத்துறைத் தலைவராயிருந்த தாமஸ் புல்டன் போர்டில்லனுடன் இணைந்து, ‘திருவிதாங்கூரின் பறவைகள்’ என்னும் தொடர்கட்டுரையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1903-04இல் வெளியிட்டார். போர்டில்லன் பின்னாளில் திருவிதாங்கூர்க் காட்டு மரங்களைப் பற்றியும் நூல் எழுதியவர். மரமறிந்தவரும் அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து எழுதிய அப்பட்டியலில் ஒரு நிலத்தின் பறவைகள் அந்நிலத்திலிருந்தே வரிசைப்படுத்தப்பட்டன. உலகத் தொகுப்பு ஒன்றில் ஆயிரம் பறவைகளுக்கிடையே கிடக்கும்போது வெளிப்படாத வேறுபாடு, ஒரு சமஸ்தானத்தின் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்போது கேள்வியாக எழுகிறது: ஏன் இரண்டு? எது எங்கே?

அக்கேள்விக்கு விரிவான விடை தந்தது 1933ஆம் ஆண்டின் கள ஆய்வு. அதற்கு முன்பே சாலிம் அலி பூவுக்கும் பறவைக்கும் இடையிலான உறவில் ஈடுபாடு கொண்டிருந்தார். புல்லுருவிச் செடி மரத்துக்கு மரம் பரவுவதில் தேன்சிட்டுகளுக்கும் பூங்கொத்திகளுக்கும் உள்ள பங்கைப் பற்றி, கொங்கணக் கரையில் தாம் கண்டவற்றை வைத்து 1931இல் எழுதினார். புல்லுருவியின் முதிர்ந்த மொட்டைத் தேன்சிட்டு அலகால் அழுத்த, மொட்டு வெடித்துத் திறந்து மகரந்தத்தைப் பறவையின் மேல் தூவும். கனியைப் பூங்கொத்தி உண்டு ஒட்டும் விதையை வேறொரு கிளையில் சேர்க்கும். அடுத்த ஆண்டில் ‘இந்தியாவின் மலர்ப் பறவைகளும் பறவை மலர்களும்’ என்னும் பொருளில் நெடிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். முள்முருக்கு, இலவு முதலிய மரங்கள் பறவைகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவது அதன் பேசுபொருள். அமெரிக்காவில் ஓசனிச்சிட்டுகளை முன்வைத்து நடந்துவந்த ஆய்வின் வினாக்கள் இந்திய மண்ணின் மலர்களிடமும் பறவைகளிடமும் கேட்கப்பட்டன என்று அக்கட்டுரையின் இடத்தை மதிப்பிடலாம்.

இப்பின்புலத்துடன் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவை ஆய்வை மேற்கொண்டார். மனைவி தெகமினாவும் உடன் வந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என். ஜி. பிள்ளையும் பயணத்தில் பங்கேற்றார். மறையூர், தட்டேக்காடு, ஆரியங்காவு, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று மழைமறைவுச் சரிவும், ஈரக்காடும், கணவாயும், கடற்கரையும் ஆய்வில் இடம்பெற்றன. அன்றைய திருவிதாங்கூரின் தென்கோடியாகிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்த ஆய்வு கேரளத்தின் வரலாறு மட்டுமன்று. தமிழகத் தென்முனையின் பறவையியலுக்கும் அது அடிப்படை ஆவணம்.

ஆய்வின் முடிவுகள் 1935 முதல் 1937 வரை பம்பாய்க் கழக இதழில் தொடராக வந்தன. அத்தொடரின் அமைப்பே கருதத்தக்கது. தோல்களை இங்கிலாந்தில் பெற்று ஆராய்ந்த ஹியூ விஸ்லரின் குறிப்புகள் ஒருபுறம். உயிருள்ள பறவையை அதன் இடத்தில் நோக்கிய சாலிம் அலியின் களக்குறிப்புகள் மறுபுறம். இரு குரல்கள் ஒரே பக்கத்தில் ஒலிக்கின்றன. விஸ்லரின் பணியின்றி உட்பிரிவுகள் தெளிந்திரா. அலியின் பணியின்றி அப்பறவை எந்த மரத்தில், எந்த உயரத்தில், எந்தப் பூவில் வாழ்கிறது என்பது தெரிந்திராது. அத்தொடர் 1953இல் தனி நூலாகவும், 1969இல் ‘கேரளத்தின் பறவைகள்’ எனத் திருத்திய வடிவிலும் வெளிவந்தது.

களநோக்கு வழியே இரு தேன்சிட்டுகளின் வேறுபாடு நிறத்தைக் கடந்து வாழ்முறையாகத் துலங்கியது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு மனிதர் குடியிருப்புக்கு அஞ்சாதது. தென்னம்பாளை, வாழைப்பூ, செம்பருத்தி, முருங்கை என்று வீட்டைச் சூழ்ந்த தாவரங்களே அதற்குப் போதும். சிலந்தி வலையால் பிணைத்து, மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டித் தொங்கவிடும் அதன் கூடு, தாழ்வாரத்துக்கு அருகிலும் காணப்படும்; காய்ந்த குப்பை தொங்குவதாக எண்ணி மக்கள் கடந்துவிடுவர். செம்முதுகுத் தேன்சிட்டின் இயல்பான உறைவிடம் மலையடிவாரமும் ஈரக்காடும். பொன்முடிச் சாலையில் ஏறும்போது அது கண்ணில் படத் தொடங்கும். பூக்கும் பருவத்தை ஒட்டி மலையில் ஏறியிறங்கும் வழக்கமும் அதற்கு உண்டு. எனினும் அதனைக் காட்டுக்குள் மட்டும் அடைத்துவிட இயலாது. நிழல்மரம் நிறைந்த நறுமணப்பயிர்த் தோட்டங்களிலும், மரமடர்ந்த வீட்டு வளாகங்களிலும் அது வாழ்கிறது. அதன் எல்லையை வகுப்பது ஊரா, காடா என்பதைவிட மரநிழலும் பூத்தொடர்ச்சியும் உள்ளனவா என்பதே.

இங்கே அமெரிக்கா மற்றொரு வழியாக இவ்வரலாற்றுள் நுழைகிறது. ஓசனிச்சிட்டுகளுக்கென்றே வடிவெடுத்த செங்குழல் பூக்கள் அழகுச் செடிகளாகக் கேரளத் தோட்டங்களில் குடியேறியுள்ளன. வெப்பமண்டல அமெரிக்காவின் ஹமேலியா, மெக்சிகோவின் ருசேலியா, ஹெலிகோனியா ஆகியவை அவற்றுட் சில. அப்பூக்களின் பழைய விருந்தாளி கடல்கடந்து வரவில்லை. அவ்விருந்தைத் தேன்சிட்டுகள் ஏற்றுக்கொண்டன. அந்தரத்தில் நிற்கும் பறவைக்காகத் தொங்கும் ருசேலியாவின் மெல்லிய தண்டைத் தேன்சிட்டு பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியும் உண்கிறது. குழல் மிக நீண்டதாயின் அடியில் துளையிட்டுத் தேனைக் கவர்வதும் உண்டு. அப்போது பூவுக்கு மகரந்தச் சேர்க்கை நிகழாது. இரு கண்டங்களின் தனித்தனி வரலாறுகள் ஒரு தோட்டத்தில் சந்திக்கும் இக்காட்சி, ஒப்புமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வகுப்பறையில் விளக்க உதவும்.

நூல்களில் இருந்த வேறுபாடு மக்கள் மொழிக்கு வந்தது அடுத்த கட்டம். ‘இந்துசூடன்’ என்னும் புனைபெயரில் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டனின் ‘கேரளத்திலெ பக்ஷிகள்’ 1958இல் வெளிவந்தது. மலையாளத்தில் ‘மஞ்ஞத்தேன்கிளி’ என்று ஊதாப்பிட்ட இனமும், ‘செறுதேன்கிளி’ என்று செம்முதுகு இனமும் தனிப்பெயர் பெற்று வழங்குகின்றன. தனிப்பெயர் தாய்மொழியில் கிடைத்தபின்னரே ஒரு பள்ளி மாணவன் இரண்டையும் தனித்தனியே எழுதிவைக்க முடியும். தமிழில் இன்றும் பொதுப்பேச்சு இரண்டையும் ‘தேன்சிட்டு’ என்ற ஒரே சொல்லுள் அடக்கிவிடுகிறது. அடைமொழி சேர்த்த பெயர்கள் நூல்களில் உண்டு. நாவில் இன்னும் ஏறவில்லை.

இந்தப் பெயர்ச்சிக்கலின் விளைவு ஆய்வுக்களத்தில் தெரியும். சாலிம் அலி சென்ற இடங்களுக்கு மீண்டும் சென்று பதிவு செய்யும் முயற்சி 2009இல், சி. சசிகுமார் முதலியோரால், கேரள வனத்துறையின் துணையுடன் நடந்தது. அதன்பின் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, ஆண்டுக்கு இரு பருவங்களில் பறவைகளைக் கணக்கிட்டனர். 361 இனங்களைப் பற்றிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பதிவுகள் கொண்ட கேரளப் பறவை வரைபடம் அவ்வாறு உருவாயிற்று. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் நிறைவேறிய முதல் முயற்சி அது. இனி வரும் ஆய்வாளர் எந்தக் கட்டத்தில் எந்தத் தேன்சிட்டு கூடியது, குறைந்தது என்று கேட்கலாம்.

1933ஐ நோக்கி அதே கேள்வியைக் கேட்டால் அரைவிடையே கிடைக்கும். அது சேகரிப்பு ஆய்வு. இன்றைய முறையில் எண்ணிய ஆய்வன்று. ஓரிடத்தில் ஓர் இனம் இருந்தது என்பதை ஐயமின்றிச் சொல்லும். எத்தனை இருந்தன என்பதற்குச் சொற்களால் ஆன மதிப்பீட்டையே தரும். இடைப்பட்ட காலத்தில் மலைச்சரிவுகள் தேயிலையாகவும் இரப்பராகவும் மாறின. நகரம் வயல்களையும் தோப்புகளையும் நோக்கி விரிந்தது. இம்மாற்றத்தில் செம்முதுகுத் தேன்சிட்டு எவ்வளவு இழந்தது என்பதை எண்ணால் உரைக்க அன்றைய ஏடுகள் துணைசெய்யா. இருப்பினும் அவ்வேடுகள் இரு இனங்களையும் தனித்தனியே பதிந்தமையால்தான் இடப்பரவலையாவது இன்று ஒப்பிட முடிகிறது. ‘தேன்சிட்டு’ என்று மட்டும் எழுதிய குறிப்பு எந்த ஒப்பீட்டுக்கும் பயன்படாது.

இரு இனங்களும் இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ளவை அல்ல. ஆனால் அவற்றின் நிலை சமமன்று. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஓர் ஊரில் மறைந்தால் அடுத்த ஊர் அதனைத் தாங்கும். செம்முதுகுத் தேன்சிட்டுக்குத் தாங்க வேறு மலை இல்லை. பொதுப்பெயர் ஒன்றால் இரண்டையும் குறிக்கும்வரை, முதலாவதன் பெருக்கம் இரண்டாவதன் குறைவை மறைத்துவிடக்கூடும். தோட்டத்தில் தேன்சிட்டு நாள்தோறும் வருகிறது என்ற நிறைவில், மலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒன்று வரவில்லை என்பது கவனத்துக்கு எட்டாமலே போகலாம்.

இலங்கைத் துறைமுகம் ஒரு பெயரைத் தந்தது. தக்காணப் படைமுகாம் மற்றொன்றைத் தந்தது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பைத் தந்தது திருவிதாங்கூர். அந்த நோக்கைச் சாத்தியமாக்கியவை பெரும் கோட்பாடுகளைவிட, நாளும் இடமும் எழுதிய சிறு சீட்டுகளே. இன்று பறவைக் குறிப்பெழுதும் மாணவருக்கும் அதுவே பாடம்: பார்த்தது எந்தத் தேன்சிட்டு, எந்த நாளில், எந்தப் பூவில் என்று எழுதிவைப்பது. எண்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் கேட்கப்போகும் கேள்விக்கு விடையாக நிற்கப்போவது அந்த ஒரு வரி.